வில்லுக்கத்தியைத் தேர்தலும் தீட்டுதலும்



முப்பது ஆண்டுகளாக ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டு, இன்று ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக இருக்கும் ஒருவன் கத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றான் என்றதும் உங்களுட் சிலர் வியப்படையலாம். பெற்றோர் சிலர் முகஞ் சுளிக்கவும் கூடும். பிள்ளைகளின் கையில் நூலைக் கொடுக்க வேண்டியவருக்குக் கத்தியோடு என்ன தொடர்பு என்று அவர்கள் வினவலாம். அவ்வினாவுக்கு விடையாக, என் அனுபவத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலிற் கூறிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பொங்கலுக்குச் சில நாள்களே இருந்த வேளை. வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பொங்கல் நாளன்று நடைபெறும் பட்டப் போட்டியைப் பற்றிக் கேள்வியுற்ற எம் மாணவர் சிலர், தாமும் அத்தகைய பட்டமொன்றைக் கட்டிக் காலிமுகத்திடலில் ஏற்ற வேண்டுமென முனைந்தனர். மூங்கிலைப் பிளந்து சிம்பாக்கி, ஒவ்வொரு சிம்பையும் ஒரே கனத்துக்குச் சீவ வேண்டும். அவரவர் வீட்டிற் கிடைத்த வில்லுக்கத்திகளைக் கொண்டுவந்து, பாடசாலை விட்டபின் மாமரத்தடியில் அமர்ந்து சீவினர். ஒரு மாலை, ஒருவனுடைய கத்தி சிம்பில் ஏறாமல் வழுக்கி, அவனது இடக்கைச் சுட்டுவிரலை ஆழமாகக் கிழித்துவிட்டது. மருத்துவமனையில் 4 தையல் போட நேர்ந்தது. மறுநாட் காலை நான் எல்லாக் கத்திகளையும் வாங்கினேன். மொத்தம் 7 கத்திகள். அவற்றை என் அறை அலுமாரியிற் பூட்டி வைத்துவிட்டு, இனிப் பாடசாலைக்கு எவரும் கத்தி கொண்டுவரலாகாது எனக் கட்டளையிட்டேன். பட்டம் அரைகுறையாகவே கிடந்தது. நான் செய்தது சரியென்றே எண்ணியிருந்தேன்.

அடுத்த மாதம் வாங்கு மேசைகளைப் பழுதுபார்க்க ஒரு முதிய தச்சர் வந்தார். பேச்சோடு பேச்சாக இக்கதையைக் கேட்டவர், அக்கத்திகளைப் பார்க்க விரும்பினார். ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்திற் பிடித்து, அதன் வாயை நோக்கினார். பிறகு என்னைப் பார்த்து, “ஐயா, இந்த ஏழும் மரத்தை வெட்டாது. அதாலதான் பிள்ளையின்ர கையை வெட்டினது” என்றார்.

அவர் கூறியது முதலில் எனக்கு விளங்கவில்லை. கால்மணி நேரம் செலவிட்டு ஒரு கத்தியைத் தீட்டி, ஒரு மூங்கிற் சிம்பையும் சேர்த்து என் கையிற் கொடுத்தபோதே விளங்கிற்று. முன்பு வழுக்கிய அதே கத்தி, சிறிது தள்ளியதும் மெல்லிய சுருளாகச் சிம்பைச் சீவியது. கையில் வலுவே தேவைப்படவில்லை. விரல் கிழிந்ததற்குக் கத்தி காரணமன்று, அதன் மொட்டைத்தன்மையே காரணம் என்பதை ஐம்பது வயதை அணுகியபின் நான் கற்றுக்கொண்டேன். அன்று கற்றதையும் அதன்பின் பயின்றதையுமே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இதற்கான காரணத்தை ஆராய்வோம். கத்தியின் வாய் என்பது ஓர் ஆப்பு. இரு சரிவுகள் சந்திக்கும் கோடு எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவுக்கு நாம் கொடுக்கும் விசை சிறிய பரப்பிற் குவிகின்றது. மரத்தின் நார் எளிதிற் பிரிகின்றது. வாய் மழுங்கினால் அக்கோடு அகன்றுவிடும். அப்போது அதே வேலைக்குப் பன்மடங்கு விசையைக் கொடுக்கின்றோம். நார் திடீரென விடும்போதோ, கத்தி வழுக்கும்போதோ, அவ்வளவு விசையும் தடுப்பாரின்றிப் பாய்கின்றது. அந்த வழியில் இருப்பது பெரும்பாலும் நமது மறு கைதான். கூரிய கத்தியைச் சிறு விசையால் ஆள்கின்றோம். ஆதலின் நிறுத்த நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடிகின்றது.

இனி, மடக்குக் கத்தி நமக்குப் புதிய பொருளன்று. ஏட்டில் எழுதிய காலத்தில் நம் முன்னோர் கையாண்ட எழுத்தாணிகளுள் மடக்கெழுத்தாணி என ஒருவகை உண்டு. அதன் பிடியின் ஒரு புறத்திலிருந்து எழுத்தாணியும் மறு புறத்திலிருந்து சிறு கத்தியும் விரியும். ஓலையை வாரவும் நறுக்கவும் கத்தி, எழுத எழுத்தாணி. மேனாட்டிலும் இறகுப் பேனையின் முனையைச் சீவுவதற்கென்றே பேனைக்கத்தி தோன்றியது. ஆகவே, மடித்து மடியில் வைத்துக்கொள்ளும் சிறு கத்தி, கீழைத்தேயத்திலும் மேலைத்தேயத்திலும் எழுத்தின் துணையாகவே வழங்கியிருக்கின்றது. நூலுக்கும் கத்திக்கும் தொடர்பென்ன என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு விடையாகும்.

கத்திக்கு உயிரான உருக்கும் இம்மண்ணுக்கு அயலானதன்று. மத்திய மலைநாட்டின் தெற்குச் சரிவிலுள்ள சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய பழைய உலைகளைத் தொல்லியலாளர் கில்லியன் ஜூலெவ் ஆராய்ந்தார். அவரது ஆய்வு 1996ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. அத்தகைய உலையொன்றை மீண்டும் கட்டி, காற்றைக்கொண்டே அதனை இயக்கிப் பார்த்தபோது, காபன் மிகுந்த உருக்குக் கிடைத்ததென அது காட்டியது.

இப்போது கத்தியைத் தேரும் முறைக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தார் இதனை வில்லுக்கத்தி என்பர். பெயரிலேயே அதன் அமைப்பு அடங்கியிருக்கின்றது. பிடியின் முதுகுப்புறத்தில் ஓர் உருக்குப் பட்டை வில்லாக நின்று அலகின் அடியை அழுத்துகின்றது. விரித்த கத்தியை விரித்தபடியும், மடித்ததை மடித்தபடியும் இருத்துவது அவ்வில்லே. ஆயினும் அது பூட்டன்று. கத்தியின் முதுகில் விசைபட்டால் அலகு மடிந்து விரல்மேல் விழக்கூடும். ஆதலின் பூட்டில்லாத கத்தியின் முனையால் துளைத்தல் கூடாது. பழகுவோர்க்குப் பூட்டுள்ள கத்தியே நன்று. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890ஆம் ஆண்டளவில் யோசெப் ஒபினெல் என்பவர் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு, 1955ஆம் ஆண்டிலே திருகு வளையப் பூட்டொன்று சேர்க்கப்பட்டது. வளையத்தைச் சிறிது திருப்பியதும் அலகு அசையாது நிற்கும். எளிமைக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

கடையிற் கத்தியைக் கையில் எடுத்ததும் பார்க்கத்தக்கவை நான்கு. முதலாவது, விரித்தபின் அலகை இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆணியருகில் ஆட்டம் இருக்கலாகாது. இரண்டாவது, மடித்தபோது அலகு பிடியின் நடுவே அமைய வேண்டும். பக்கத்தில் உரசினால் வாய் கெடும். மூன்றாவது, அலகின் நீளம். மரஞ் சீவ 4 முதல் 6 சென்ரிமீற்றர் நீளமே போதும். நீண்ட அலகு பார்வைக்குக் கம்பீரமாயினும் முனை கைக்கு அடங்காது. நான்காவது, பிடி. உள்ளங்கையை நிரப்பி, கோணமுனைகள் உறுத்தாமல் இருப்பதே நல்ல பிடி. பத்துக் கருவிகளை ஒன்றாக அடக்கிய கத்திகள் பயணத்துக்கு உதவும். ஆனால் அரைமணி நேரம் மரஞ் சீவுவதற்கு அவற்றின் பிடி இசையாது.

அடுத்து, அலகின் உலோகம். காபன் உருக்கு, துருவேறா உருக்கு என இருவகை உண்டு. துருவேறா உருக்கு 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஹரி பிரியர்லி என்பவரது ஆய்விலிருந்து பரவலுக்கு வந்தது. அதில் குரோமியம் கலந்திருக்கும். காபன் உருக்கு எளிதிற் கூராகும். ஆனால் ஈரத்தையும் உப்பையும் தாங்காது. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கடற்கரை இருப்புப்பாதையை அடுத்து வாழும் நாம், யன்னற் கம்பிகள் எவ்வளவு விரைவிற் துருப்பிடிக்கின்றன என்பதை அறிவோம். அதே காற்று அலுமாரிக்குள் இருக்கும் கத்தியையும் தேடிச் செல்லும். ஆதலின் கொழும்பின் கரையோரத்தார்க்குத் துருவேறா உருக்கே பொருந்தும் என்பேன். காபன் உருக்கை விரும்புவோர், ஒவ்வொரு முறையும் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி பூசி வைத்தல் வேண்டும். தேங்காயெண்ணெய் நாளடைவிற் பிசினாகி ஆணியை இறுக்கிவிடும்.

இனித் தீட்டும் முறை. பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளிலே இருபுறமும் வெவ்வேறு பருமன் கொண்ட தீட்டுக்கல் கிடைக்கும். அமெரிக்கரான எட்வேட் அச்செசன் 1891ஆம் ஆண்டில் உண்டாக்கிய சிலிக்கன் காபைட்டு என்னும் கடும்பொருளாற் செய்யப்பட்ட கற்கள் அவற்றுட் பல. கல்லின் இலக்கம் கூடக்கூட அதன் மணிகள் நுண்மையாகும். வாய் பல்லுடைந்த கத்திக்கு 400 இலக்கக் கல். வழக்கமான தீட்டலுக்கு 1000. மெருகுக்கு 3000 அல்லது அதற்கு மேல். ஒரேயொரு கல்தான் வாங்க முடியுமாயின் 1000 இலக்கக் கல்லை வாங்குங்கள். நீரூற்றித் தீட்டத் தொடங்கிய கல்லுக்கு என்றும் நீரே. எண்ணெய்க் கல்லுக்கு என்றும் எண்ணெயே. கல்லின் கீழ் ஈரத்துணியை விரித்தால் அது நகராது.

தீட்டலின் உயிர் கோணத்திலே உள்ளது. மரஞ் சீவும் கத்திக்கு ஒவ்வொரு புறமும் ஏறத்தாழ 15 பாகை ஏற்றது. பாகைமானி இல்லாமல் இதனை அறிவதெப்படி? அலகின் அகலம் 15 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். அதனைக் கல்லிற் படுக்க வைத்து, முதுகை மட்டும் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் உயர்த்தினால் 15 பாகை கிடைக்கும். அந்த உயரத்துக்குச் சில நாணயங்களை அடுக்கி, முதுகை அவற்றின்மேல் வைத்துப் பார்த்துக் கையைப் பழக்குங்கள். தீட்டத் தொடங்குமுன் நாணயங்களை எடுத்துவிடலாம். இன்னுமொரு வழி, வாயின் சரிவில் மை பூசித் தீட்டுவது. மை முழுவதும் அழிந்தால் கோணம் சரி. வாயின் நுனியில் மட்டும் அழிந்தால் கத்தியை மிகையாக உயர்த்திவிட்டீர்கள். மேற்புறத்தில் மட்டும் அழிந்தால் மிகையாகத் தாழ்த்திவிட்டீர்கள்.

கோணம் அமைந்ததும், கல்லிலிருந்து மெல்லிய படலமொன்றைச் சீவி எடுப்பவர்போல், வாய் முன்செல்லக் கத்தியைத் தள்ளுங்கள். அடி முதல் முனைவரை முழு வாயும் கல்லிற் பட வேண்டும். முனையின் வளைவை அணுகும்போது பிடியைச் சிறிதே உயர்த்துங்கள். ஒரே புறத்தைப் பத்திருபது தடவை தீட்டியபின், முதுகிலிருந்து வாயை நோக்கி விரல்நுனியாற் குறுக்காகத் தடவுங்கள். வாயின் நெடுக்கே விரலை ஓட்டுதல் ஒருபோதும் ஆகாது. தீட்டாத புறத்தில் நுண்ணிய பிசிறொன்று விரலில் தட்டுப்படும். அப்பிசிறு வாய் முழுவதும் எழுந்தாலன்றி மறுபுறத்துக்குப் போகலாகாது. தீட்டுவோர் பெரும்பாலும் தவறுமிடம் இதுவே. பிசிறு எழுமுன் கத்தியைத் திருப்பித் திருப்பித் தேய்த்துவிட்டு, கல் நன்றில்லை என்பார்கள். எம் பிள்ளைகளும் அவ்வாறே கூறினர், நானும் கூறியிருக்கின்றேன்.

இரு புறமும் பிசிறு கண்டபின், அழுத்தத்தைக் குறைத்து மாறிமாறித் தீட்ட வேண்டும். இறுதியிற் கத்தியின் எடையே போதும். பின்னர், சிகையலங்கரிப்போர் முன்னாளிற் சவரக்கத்தியைத் தோல் வாரில் தீற்றியது நினைவிருக்கலாம். பழைய இடுப்பு வாரொன்றின் உட்புறத்தை மேலே வைத்துப் பலகையில் ஒட்டினால் அவ்வேலைக்குப் போதும். குரோமியம் ஒட்சைட்டுப் பசை கிடைத்தால் சிறிது பூசலாம். இங்கே திசை மாறும்: முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே வரவேண்டும். அன்றேல் தோல் வெட்டுண்ணும். புறத்துக்கு 20 தடவை தீற்றினால் எஞ்சிய பிசிறும் நீங்கும்.

கூரைச் சோதிக்க விரலை நாடாதீர்கள். செய்தித்தாளின் விளிம்பை வெட்டிப் பாருங்கள். கிழியாமல் ஓடினால் நன்று. இன்னும் நம்பகமான சோதனை மென்மரத் துண்டை நார்க்குக் குறுக்கே சீவுவது. வெட்டிய முகம் மினுங்கினால் வாய் சரியாயிருக்கின்றது. வெண்கோடுகள் தெரிந்தால் அந்த இடத்தில் வாயிற் குறையுண்டு.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாகாதா எனச் சிலர் கேட்பர். சமையற் கத்திக்கு ஆகலாம். சிறிய மெல்லிய அலகு, சுழலும் உலர்ந்த சக்கரத்தில் நொடிப்பொழுதிற் சூடேறிவிடும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசை அடைந்தால் வாயில் நீலநிறம் படரும். அந்நீலம் தோன்றிய இடத்தில் உருக்கின் கடினம் குறைந்துவிட்டது என்று பொருள். பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. நீரூற்றிக் கையாற் தீட்டும் கல்லில் இவ்விடர் இல்லை.

எந்த மரத்திற் பழகுவது? மலைவேம்பும் செண்பகமும் மென்மையானவை, தொடங்குவோர்க்கு ஏற்றவை. அம்பலாங்கொடையில் முகமூடி செய்வோர் கதுறு எனச் சிங்களத்தில் வழங்கும் இலேசான மரத்தை நாடுவதும் அது செதுக்க எளிதென்பதாலேயே. முதிரையும் கருங்காலியும் கைதேர்ந்தவர்க்குரியன. தேக்கு மென்மைபோலத் தோன்றினும் அதனுள் மணலின் இனமான சிலிக்கா இருப்பதால் வாயை விரைவில் மழுக்கும். மூங்கிலும் அவ்வாறே. எங்கள் பிள்ளைகள் மொட்டைக் கத்திகளோடு, கூரை உண்ணும் பொருளையே சீவ அமர்ந்திருந்தார்கள் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். மொறட்டுவையின் தச்சுப் பட்டறைகளிற் கழிக்கும் சிறு துண்டுகள் பயிற்சிக்குப் போதும்.

சீவும்போது நாரின் ஓட்டத்தை நோக்குங்கள். அது சரியும் திசையிற் சீவினால் சுருள் வரும். எதிர்த்துச் சீவினால் மரம் பிளக்கும். முழங்கைகளை முழங்கால்களின்மேல் ஊன்றி, மரத்தைக் கால்களுக்கு அப்பால் நீட்டிப் பிடிக்க வேண்டும்; மடியில் வைத்துச் சீவலாகாது. தொடையின் உட்புறத்துப் பெருநாடி மிகவும் ஆபத்தான இடம். கை எட்டும் வட்டத்துள் வேறொருவர் இருத்தல் கூடாது. பிறரிடம் கொடுக்கும்போது மடித்துக் கொடுங்கள். காயம் நேர்ந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள்; ஆழமாயின் மருத்துவரிடம் சென்று, ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

பிள்ளைகளிடம் கத்தியைக் கொடுப்பது தகுமோ என்னும் ஐயம் எஞ்சலாம். பின்லாந்து 1866ஆம் ஆண்டிலேயே கைப்பணியைப் பொதுப்பள்ளிகளிற் பாடமாக்கியது. சுவீடனில் ஒட்டோ சாலமன் என்னும் கல்வியாளர் 1870களில் ஆசிரியர்க்கு மரவேலைப் பயிற்சி தொடங்கியபோது, முதற் கருவியாகத் தேர்ந்தது கத்தியையே. நல்ல தச்சர்களை உண்டாக்குவது அவர் நோக்கமன்று. செயலில் ஒழுங்கும் கவனமும் தற்சார்பும் பிள்ளைகளிடத்தில் வளர வேண்டுமென்பதே நோக்கம். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. வயதறிந்து, மூத்தோர் அருகிருந்து, வரையறுத்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பாடசாலைப் பைக்குள் கத்தி கிடப்பதை இன்றும் நான் அனுமதிப்பதில்லை. ஆனால் கொடுப்பதானால் கூரான கத்தியையே கொடுக்க வேண்டும். பிள்ளைக்குத்தானே என்று மொட்டைக் கத்தியைக் கொடுப்பதே அவனுக்கு நாம் செய்யும் தீங்கு.

தச்சர் சென்றபின், விரலில் தழும்போடிருந்த அம்மாணவனை அழைத்தேன். அன்று நான் இட்ட கட்டளை அவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டதை அவன் முகமே சொன்னது. குற்றம் அவனுடையதன்று, கத்தியைப் பாராமல் விட்ட எங்களுடையது என்று அவனிடம் கூறினேன். அதற்கு அவன் மறுமொழி சொல்லவில்லை, “பட்டத்தை முடிக்கலாமோ சேர்?” என்று மட்டும் கேட்டான். அடுத்த வாரம் முதல், வெள்ளிக்கிழமைகளிற் பாடசாலை விட்டபின் தீட்டும் வகுப்பு நடைபெற்றது. தன் கத்தியைத் தானே தீட்டி, தாளை வெட்டிக் காட்டியவனுக்கே அன்று மரம் கிடைக்கும் என்பது விதி. அந்த 7 கத்திகளும் இன்றும் அதே அலுமாரியிலேதான் இருக்கின்றன. அவற்றின் அருகில் இப்போது இரண்டு தீட்டுக்கற்களும், ஒரு பழைய இடுப்பு வாரும், எண்ணெய்ப் போத்தலும் உண்டு. அலுமாரியின் திறப்பு வெள்ளிதோறும் மாணவரிடம் செல்லும். மாலையில் என்னிடம் திரும்பி வரும்.

உங்கள் வீட்டு இழுப்பறையிலும் மழுங்கிய வில்லுக்கத்தியொன்று கிடக்கக்கூடும். இன்று மாலை அதனை எடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். வாயில் வெண்கோடொன்று மினுங்குமாயின் அது மொட்டை. கூரிய வாய் ஒளியைத் திருப்பாது. அக்கத்தியைத் தீட்டியபின் பிள்ளையின் கையிற் கொடுங்கள்.